வெட்டாமல் கேட்ட செம்மறி

ஆடு உயிரோடு நிற்கும் வரைக்கும் அந்தப் பெரியவருக்கு ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. அதை அறுத்து, தோல் உரித்து, தலையும் குடலும் நீக்கிக் கொக்கியில் தொங்கவிட்ட பிறகு அவர் ஆங்கிலத்தை விட்டுவிடுவார். எங்கள் குளிர் அறையின் பிளாஸ்டிக் திரைக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "ஸ்க்ரோஹ்குர்" என்பார். யாருக்கும் சொல்வதாக இருக்காது. கோயிலுக்குள் நுழையும்போது சிலர் தமக்குள் எதையோ சொல்லிக்கொள்வார்களே, அப்படி.

சிட்னியில் பரமட்டா ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள இறைச்சிக் கடை அது. பதினொரு வருடமாக அங்கே வெட்டுகிறேன். முன்பக்கம் நின்று ஆட்களோடு கதைப்பது முதலாளியின் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். பின்பக்கத்தில் எலும்பறுக்கும் வாள் மெசின் என்னுடையது. மெசின் ஓடும்போது யாரும் என்னோடு பேச முடியாது. மணிக்கட்டு இரண்டும் வீங்கிய பிறகும் அந்த வேலையை நான் விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரியவர் புதன்கிழமைகளில் வருவார். சூப்புக்குச் செம்மறிக் கழுத்து நாலு துண்டு. பெரிய கடைகளில் கழுத்து கிடைப்பதில்லை. ஐஸ்லாந்து அவருடைய ஊர் என்று முதலாளி சொல்லித்தான் தெரியும். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தச் சொல்லைப் பற்றி நான் கேட்டது நாலைந்து மாதத்துக்குப் பிறகு. அன்று முதலாளி வங்கிக்குப் போயிருந்தார், கடையில் வேறு யாரும் இல்லை. கேட்டுவிட்டு உடனே கழுத்தை நிறுக்கத் திரும்பிக்கொண்டேன்.

"சொல்லிப் பாருங்கள்" என்றார்.

சொன்னேன்.

"இல்லை. நடுவில் கதவைச் சாத்துகிறீர்கள். அங்கே ஒரு சின்ன மூச்சு விட வேண்டும்."

மறுபடி சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "பரவாயில்லை. என் பேரனுக்கும் வராது. அவன் ஆஸ்திரேலியன்."

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் நினைவில் அவர் எப்போதும் தமிழில்தான் பேசுகிறார்.

கொன்று துப்புரவாக்கிய ஆட்டின் முழு உடல்தான் ஸ்க்ரோஹ்குர். வெட்டிவிட்டால் பிறகு அது தொடை, கை, விலா. அந்தச் சொல் போய்விடும். அவருடைய ஊரில் குளிர் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் இரண்டோ மூன்றோ ஸ்க்ரோஹ்குர் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்து, குசினி மேசையில் போட்டு, தாங்களே அறுத்துப் பிரித்து வைப்பார்களாம். கடைக்காரரை வெட்ட விடுவது சோம்பேறிகளின் வேலை என்று அவருடைய மனைவி சொல்வாராம்.

"என்னை மன்னியுங்கள்" என்றார், என் கையில் இருந்த கத்தியைப் பார்த்து.

அதன் பிறகு புதன்கிழமைகளில் அந்தச் சொல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. குளிர்காலத்தில் ஒருநாள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்க்ரோஹ்குரில் வலி என்றார். நான் குளிர் அறையைப் பார்த்தேன். "அது இல்லை, இது" என்று தன் நெஞ்சைத் தட்டினார். களைத்துப்போன மனுசனின் உடம்புக்கும் அதே சொல்லாம். கப்பலின் அடிக்கூட்டுக்கும் அதே சொல். ஊரில் ஹெரிங் மீன் இல்லாமல் போன காலத்தில் மனைவியோடு சிட்னிக்கு வந்து, ஓய்வு பெறும் வரைக்கும் படகு கட்டும் இடத்தில் தச்சு வேலை செய்தவர் அவர்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் இருந்த தடித்த அகராதியில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். சுருங்கியது, வற்றிச் சுருக்கம் விழுந்தது என்ற பழைய பொருளிலிருந்து வந்திருக்கலாமாம். நார்வேக்காரர்கள் தோலில் விழும் சுருக்கத்துக்குச் சொல்லும் சொல் இதற்குச் சொந்தம். உடுப்பைத் தோய்த்தால் சுருங்கிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொல்கிறோமே, அந்த ஷ்ரிங்க் என்பதும் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம். "இருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்" என்றார். "எழுதினவர்களுக்கே நிச்சயம் இல்லை."

தானாகச் செத்த ஆட்டுக்கும் அதுதானா என்று கேட்டேன். இறைச்சிக் கடையில் அது முக்கியமான கேள்வி.

முகத்தைச் சுளித்தார். அது வேறு சொல். ஹ்ராய். இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கும்போது ஒன்றிரண்டு தப்பிவிடும். பனி கரைந்த பிறகு கிடக்கும், காகங்கள் அதன் மேல் இருக்கும். அதுதான் ஹ்ராய். மிகப் பழைய சொல். முந்தியெல்லாம் போரில் விழுந்த மனிதர்களுக்கும் அதைச் சொன்னார்கள். பழைய ஆங்கிலத்திலும் பழைய ஜெர்மனிலும் அது இருந்ததாம், பிறகு அங்கே செத்துப்போனது. ஐஸ்லாந்தில் இருக்கிறது. கடைக்குப் பின்னால் ஒழுங்கையில் டயர் இல்லாமல் கிடந்த காரைக் கையால் காட்டி, "அதற்கும் சொல்வோம்" என்றார். "ஆனால் மேசைக்கு வரும் இறைச்சியை யாராவது அப்படிச் சொன்னால் என் மனைவி கதிரையிலிருந்து எழுப்பி அனுப்பிவிடுவாள்."

எங்கள் கடையில் நாங்கள் சொல்வது பொடி, ஆங்கிலத்து 'பாடி'தான். லொறிக்காரன் பன்னிரண்டு பொடி இறக்கினான், ஒரு பொடி மிச்சம் இருக்கிறது, இப்படி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அது மனிதருக்குச் சொல்வது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்து முன்அறையில் வைப்பார்களே, அதற்கு. ஒரு மாதம் போனதும் நானும் சொன்னேன். அதன் பிறகு ஒன்றும் தோன்றவில்லை. அவரிடம் இதைச் சொல்ல நினைத்தேன். ஆங்கிலத்தில் கோத்துக்கொள்வதற்குள் அவர் கடையை விட்டுப் போய்விட்டார்.

போன செப்டம்பரில் ஒரு புதன்கிழமை வந்தபோது அவர் கழுத்து கேட்கவில்லை. முதலாளியைத் தாண்டி நேரே பின்பக்கம் வந்தார். நான் மெசினை நிறுத்தினேன்.

"எனக்கு ஒரு முழு ஸ்க்ரோஹ்குர் வேண்டும். சனிக்கிழமைக்கு. வெட்டாமல்."

"வெட்டாமலா?"

"ஒரு வெட்டும் விழாமல்."

அவர் மனைவிக்கு நாலு வருடமாக மறதி நோய் என்று எனக்குத் தெரியும். பேச்சு நின்று ஏழு வாரம் ஆகிவிட்டது என்று அன்று சொன்னார். திங்கட்கிழமை காலை அவரை முதியோரைப் பராமரிக்கும் நேர்சிங் ஹோமில் சேர்க்கிறார்கள். இவருடைய இடுப்போடு இனித் தூக்க முடியாது, பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டார்கள். ஐம்பது வருடமாக ஒவ்வொரு செப்டம்பரும் தங்கள் குசினி மேசையில் செம்மறி பிரித்தவர் மனைவிதான். இவர் பிடித்துக்கொள்ள மட்டும்தான். இங்கே செப்டம்பர் வசந்தம் என்பதையெல்லாம் மனைவி ஏற்றுக்கொள்ளவே இல்லையாம்.

"என் பெயர் அவளுக்குத் தெரியாது" என்றார். "என் முகம் தெரியாது. கைக்குத் தெரியுமா என்று பார்க்க வேண்டும். ஒரு தரம். அவளுடைய மேசையில்."

"நான் வைக்கிறேன்" என்றேன்.

வியாழக்கிழமை லொறி வந்தது. இருந்ததில் நல்ல செம்மறி ஒன்றைத் தெரிந்தெடுத்து, கம்பியின் கடைசிக்குத் தள்ளி வைத்தேன். ஒரு தாளில் எழுதிக் குத்தியிருக்கலாம். நான்தானே வெட்டுகிறேன், எனக்கு மறக்குமா என்று விட்டுவிட்டேன்.

எங்கள் கடையில் ஒருவரும் ஆட்டை வெட்டாமல் கொண்டு போவதில்லை. முழு ஆடு வேண்டும் என்று வருகிறவர்களும் கடைசியில் "அன்ரி, கறிக்குச் சின்னனா வெட்டித் தாங்கோ" என்றுதான் நிற்பார்கள். நெருப்புப் பெட்டி அளவு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எலும்பு. அந்தச் சனிக்கிழமை யாரோ வீட்டில் பூப்புனித நீராட்டு, இன்னொரு வீட்டில் பிறந்தநாள். காலை ஆறரை முதல் நான் தலை நிமிரவில்லை. ஒரு பொடியை இறக்குவேன், முதுகெலும்பு வழியே இரண்டாக்குவேன், பிறகு நீளம் நீளமாக, பிறகு குறுக்கே. ஒரு செம்மறிக்கு ஆறு நிமிடம். அடுத்தது. அடுத்தது. கம்பி எப்போது வெறுமையானது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிப் பையின் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது. கம்பியில் ஒன்றும் இல்லை. மெசினை நிறுத்தினேன். பைகளைப் பார்த்தேன். எந்தப் பையில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலாளி உள்ளே வந்து பார்த்தார். "என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கிறியள்?"

"கிழவர்ட ஆட்டை வெட்டிப்போட்டன் தம்பி."

"எந்தக் கிழவர்?" பிறகு விளங்கியது. "ஐயோ. அந்த மனுசன் எத்தினை தரம் சொன்னது! நீங்கள் எல்லோ வைக்கிறன் எண்டனீங்கள்?"

"ஓம்."

"இனி லொறி செவ்வாய்க்கிழமைதான்."

"திங்கள் கொண்டுபோய் விடினம், தம்பி."

அவர் தலையைச் சொறிந்தார். மூன்று கடைகளுக்குத் தொலைபேசி எடுத்தார். சனிக்கிழமை மதியத்தில் எந்தக் கடையில் முழுச் செம்மறி இருக்கப்போகிறது? கடைசியில் குளிர் அறையைத் திறந்து, மூலையில் தொங்கிய வெள்ளாட்டைப் பார்த்தார்.

"இதைக் குடுப்பம். லொறிக்காரன் செம்மறி கொண்டு வரேல்லை எண்டு சொல்லுவம்."

"வந்தது எல்லோ?"

"நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன். கதைக்காம இருக்கிறதுக்கு உங்களுக்குச் சொல்லித் தரவே வேணும்?"

ஒரு மணிக்குப் பெரியவர் வந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். முதலாளி முன்னால் போய் நின்றார். லொறிக்காரனின் சோம்பேறித்தனம், சப்ளை இல்லாத கதை, எல்லாவற்றையும் நம்பும்படி சொன்னார். "சேர், வெள்ளாடு இன்னும் நல்லது. கொழுப்பு இல்லை, டொக்டர்மாரே சொல்லினம்" என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டார்.

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் ஏப்ரன் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"வெள்ளாடு" என்றார் கடைசியில். "சரி. அதற்கும் நாலு கால்தான்."

அவரால் தூக்க முடியாது. "அக்கா, நீங்கள் போய் இறக்கிக் குடுத்திட்டு வாங்கோ" என்றார் முதலாளி. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அவருடைய காரில் போனோம். ஆடு பின் இருக்கையில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடந்தது. வளைவுகளில் அவர் மெதுவாகத்தான் திருப்பினார்.

செங்கல் வீடு. குசினி மேசையில் தடித்த பிளாஸ்டிக் விரித்து நாலு மூலையையும் ஒட்டியிருந்தார். கைவாள் ஒன்று, கத்தி இரண்டு, புதிய உறைபெட்டிப் பைகள், பேனா. மேசைத் தலைப்பில் அவர் மனைவி இருந்தார். மெலிந்த பெண், தலைமுடியை யாரோ கவனமாக வாரிவிட்டிருந்தார்கள். நான் "ஹலோ" என்றேன். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டைத் தோளிலிருந்து இறக்கி அவருக்கு முன்னால் கிடத்தினேன். பெரியவர் துணியை நீக்கினார். மனைவியின் வலது கையை எடுத்துத் தொடையின் மேல் வைத்தார். தன் மொழியில் ஏதோ சொன்னார். அதில் அந்தச் சொல் இருந்தது.

கை சும்மா கிடந்தது. கனக்க நேரம். பிறகு விரல்கள் அசைந்தன. தொடையிலிருந்து இடுப்புக்கு வந்தன. பெருவிரலால் முதுகை அழுத்திப் பார்த்தார். கொழுப்பு இருக்கிறதா என்று எங்கள் வாடிக்கையாளர்கள் அழுத்திப் பார்ப்பது போலவே. விலாவை வரி வரியாகத் தடவினார். கழுத்துக்கு வந்ததும் நிறுத்தி, அதன் நீளத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பெரியவர் கைவாளை மனைவியின் பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தினார்.

மனைவியின் முகம் சுளித்தது.

"கெய்ட்" என்றார்.

சொல்லிவிட்டு ஆட்டை முழங்கையால் தள்ளினார்.

பெரியவர் அப்படியே நின்றார். பிறகு சிரித்தார். பெரிய சிரிப்பு, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு. "வெள்ளாடு என்கிறாள். வெள்ளாடு! ஏழு வாரம் ஒரு சொல் இல்லை, இன்றைக்குக் கடைக்காரனைப் பிடித்துவிட்டாள்." சிரிப்பு எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியின் அருகில் குனிந்து மறுபடி கேட்டார், மறுபடி கையை எடுத்து ஆட்டின் மேல் வைத்தார். அந்தக் கை உடனே மடிக்குத் திரும்பிவிட்டது. வாளை மனைவி பார்க்கவே இல்லை.

கை மறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செம்மறியாக இருந்திருந்தால் அந்தக் கை வாளை எடுத்திருக்கும். எடுத்திருக்காமலும் போகலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே நாளை நான் காலையில் ஆறு நிமிடத்தில் பையில் போட்டுக் கட்டிவிட்டேன்.

"லொறி வந்தது" என்றேன்.

அவர் திரும்பினார்.

"வியாழக்கிழமை வந்தது. உங்கள் செம்மறியை எடுத்து வைத்தேன். இன்று காலை நானே வெட்டிவிட்டேன். யோசிக்காமல்."

ஆங்கிலத்தில் இத்தனை வாக்கியம் நான் தொடர்ந்து சொன்னது அன்றுதான். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் எனக்காக மகள்தான் பேசுவாள்.

"முழுவதுமா?"

"முழுவதும்."

"கறிக்கா?"

"கறிக்கு."

அவர் கதிரையில் போய் இருந்தார். ஆட்டையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. போய்விடச் சொல்வார் என்று நினைத்துக் கையைத் துடைத்தேன். வெளியே யாரோ புல்வெட்டும் மெசினை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், அது பிடிக்கவில்லை.

"அங்கே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு அது விளங்கியது போலத்தான் இருந்தது.

பிறகு கைவாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்குத் தோள் உயராது. நீங்கள் வெட்டுங்கள். அவள் பார்க்கட்டும்."

மெசின் இல்லாமல் வெட்டிப் பல வருடம். அவர் விரலால் கோடு காட்டினார். தொடையை முழுதாக எடுக்க வேண்டும், இடுப்பு எலும்போடு. நான் வாளை வைத்தேன். மணிக்கட்டு வலித்தது. இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன், மேசையில் டக் டக் என்று சத்தம் கேட்டது. அவர் மனைவி விரல் நகத்தால் தட்டிக்கொண்டிருந்தார். நான் நிறுத்தினேன். அவர் கையை நீட்டி, நான் வைத்த இடத்துக்கு இரண்டு விரல் மேலே ஆட்டின் மேல் ஒரு கோடு போட்டார். வாளை அங்கே மாற்றினேன். தட்டுவது நின்றது.

பெரியவர் ஒரு கையால் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டார். நான் மெதுவாக அறுத்தேன். மூட்டு விட்டதும் தொடை முழுதாக வந்தது. பெரியவர் அதை ஒரு பையில் போட்டு, பேனாவால் அதன் மேல் ஏதோ எழுதி மனைவிக்குக் காட்டினார். அவர் அதைப் படித்தாரோ என்னவோ, ஒரு தரம் பார்த்தார்.

இரண்டாவது தொடைக்கு வாளை வைத்தபோது மனைவியின் தலை சாய்ந்துவிட்டது. களைத்து நித்திரையாகிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பெரியவர் எழுந்து போய்ப் போர்வை கொண்டு வந்து, முழங்காலைச் சுற்றிப் போர்த்துவிட்டார். பிறகு அந்தக் கதிரைக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் வாளைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"மிச்சத்தை எப்படி வெட்டட்டும்?" என்று மெல்லக் கேட்டேன்.

அவர் மேசையைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார்.

"உங்கள் மாதிரி வெட்டுங்கள்" என்றார். "சின்னச் சின்னதாக. இனி ஒரு ஆளுக்குத்தானே."

கைவாளால் அப்படி வெட்டி முடிக்க மாலை நாலரை மணி ஆகிவிட்டது.